பச்சைத் துவையல் விற்ற அரசன்

பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ரபேலேயை நான் மூன்று முறை பாதியில் கீழே வைத்தவன். முதல் முறை, கல்லூரி முடித்த புதிதில், பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு தடித்த ஆங்கில மொழிபெயர்ப்பில் நாற்பது பக்கங்களைத் தாண்டவில்லை. குடலும் மூத்திரமும் திராட்சை மதுவும் மாறி மாறி வழிந்த அந்தப் பக்கங்களை உலக இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்று என்று எப்படிக் கூசாமல் சொல்கிறார்கள் என்று வியந்து மூடிவிட்டேன். அடுத்த இரண்டு முறையும் அடிக்குறிப்புகள் என்னை விரட்டின. நான்காம் முறை வரிசையாகப் படிக்கும் எண்ணத்தையே கைவிட்டு நடுவில் எங்கோ திறந்தபோது, தோற்றுப்போன ஓர் அரசன் தெருவில் நின்று துவையல் விற்றுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

அவன் பெயர் அனார்க். 1532இல் லியோன் நகரில் வெளியான 'பாந்தகுருவேல்' என்ற நூலில் தாகர்களின் நாட்டை ஆள்பவன். இராட்சத இளவரசனான பாந்தகுருவேலோடு போரிட்டுத் தோற்றுச் சிறைப்பட்டவன். இளவரசனின் தோழனும் கைதேர்ந்த போக்கிரியுமான பனூர்ஜ் அவனைக் கொல்லவுமில்லை, சங்கிலியில் பூட்டி வெற்றி ஊர்வலத்தில் இழுத்துச் செல்லவுமில்லை. இந்த அரசர்கள் எல்லாம் வெறும் கன்றுக்குட்டிகள், ஏழைக் குடிகளைத் துன்புறுத்துவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள், ஆகவே இவனுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுத்து மனிதனாக்கப் போகிறேன் என்கிறான். கித்தான் சட்டை மாட்டி, நீலமும் பச்சையுமான கச்சை கட்டி (அந்த இரு நிறங்களின் பிரெஞ்சுப் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் 'கெட்டழிந்தவன்' என்ற சொல் ஒலிக்கும்), ஒரு கிழவிக்கு மணமுடித்து, பச்சைத் துவையல் கூவி விற்க விடுகிறான். தழைகளை அரைத்துச் செய்யும் அந்தத் தொடுகறியை மொழிபெயர்ப்பாளர் வேறு சொல்லால் குறித்திருந்தார். ஆனால் புதுமணத் தம்பதிக்கு பாந்தகுருவேல் ஒரு சிறு குடிலும், அரைப்பதற்கு ஒரு கல் உரலும் கொடுத்தான் என்று படித்தபின் அதைத் துவையல் என்பதைத் தவிர வேறெப்படியும் நினைக்க என்னால் முடியவில்லை. கூவும்போது சுருதி போதாது என்று பனூர்ஜ் அரசனின் காதைத் திருகி, இன்னும் உயர்த்திப் பாடு என்று பயிற்சியும் அளிக்கிறான்.

இதற்கு முந்தைய அத்தியாயத்தில் நரகம் வருகிறது. போரில் தலை துண்டிக்கப்பட்ட எபிஸ்தெமோன் என்ற தோழனின் தலையை பனூர்ஜ் தைத்து ஒட்டவைக்க, உயிர் பெற்று எழுந்தவன், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுவிட்டீர்களே என்று குறைப்பட்டுக்கொண்டு, தான் கண்டதைச் சொல்கிறான். அலெக்சாண்டர் கிழிந்த காலுறைகளை ஒட்டுப்போட்டுப் பிழைக்கிறார். கிளியோபாட்ரா வெங்காயம் விற்கிறாள். ரபேலேயின் காலத்துக்குச் சற்று முன்னர் வாழ்ந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் பணியாரம் கூவி விற்கிறார். பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் கடுகுச் சாந்து விற்க, விலை கேட்டுச் சினந்த கவிஞன் வியோன் அந்தத் தொட்டியிலேயே மூத்திரம் பெய்கிறான். பூமியில் ஒன்றுமில்லாமல் கிடந்த கிரேக்கத் தத்துவஞானி டயோஜினஸ் மட்டும் செந்நிற அங்கி அணிந்து, தன் காலுறையைச் சரியாக ஒட்டுப்போடவில்லை என்று அலெக்சாண்டரைக் கோலால் அடிக்கிறார். மேலுலகில் முடியைக் கழற்றியவர்கள் கீழுலகில் சந்தைக் கூடையைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தொழில்களுள் பல சந்தைத் தொழில்களே என்பதை முதல் வாசிப்பில் நான் கவனிக்கவில்லை.

சந்தையை ரபேலே நேரில் அறிந்தவர். பிரான்சிஸ்கன் துறவியாக இருந்து, பெனடிக்டன் சபைக்கு மாறி, மோம்பெல்லியேயில் மருத்துவம் படித்து, 1532இல் லியோன் நகரின் பொது மருத்துவமனையில் ஆண்டுக்கு 40 லீவ்ர் சம்பளத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் ஹிப்போகிரட்டீசின் மருத்துவ நூல்களைப் புலவர்களுக்காகப் பதிப்பித்தார். அதே ஆண்டில் தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து 'அல்கோஃப்ரிபாஸ் நாசியே' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு இராட்சதர் கதையும் எழுதினார். லியோனில் ஆண்டுக்கு நான்கு பெருஞ்சந்தைகள் கூடின. அங்கே விற்ற மலிவுப் பதிப்புகளில் ஒன்று கார்காந்துவா என்ற இராட்சதனைப் பற்றியது. ஒன்பது ஆண்டுகளில் வாங்கப்படும் பைபிள்களைவிட அதிகமான பிரதிகள் இரண்டே மாதத்தில் விற்றன என்று தன் முன்னுரையில் ரபேலே அடித்து விடுகிறார். அந்தக் கூற்றைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது சந்தையில் மருந்து விற்பவனின் குரல், அவ்வளவுதான்.

ஆனால் கணக்கு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ரபேலேயின் எண்கள் எப்போதும் கடைசி இலக்கம் வரை துல்லியமானவை. பாரிஸ் நகருக்கு வரும் கார்காந்துவா, தன்னை வேடிக்கை பார்க்கக் கூடிய கும்பலை நோத்ருதாம் கோபுரத்தின் மேலிருந்து தன் மூத்திரத்தில் மூழ்கடிக்கும்போது இறந்தவர்கள் 2,60,418 பேர், "பெண்களும் சிறு பிள்ளைகளும் தவிர". சகோதரர் ஜான் என்ற துறவி மடத்துத் திராட்சைத் தோட்டத்தைக் காக்கச் சிலுவைக் கம்பால் அடித்துக் கொன்றவர்கள் 13,622 பேர், மறுபடியும் "பெண்களும் சிறு பிள்ளைகளும் தவிர". பழைய தமிழ் விவிலியத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்த வால் உடனே பிடிபட்டுவிடும்: ஐந்து அப்பமும் இரண்டு மீனும் பகிர்ந்தளிக்கப்பட்ட இடத்தில் "ஸ்திரீகளும் பிள்ளைகளும் தவிர" என்று மத்தேயு எழுதியதன் எதிரொலி அது. மூத்திர நகைச்சுவை சந்தையிலிருந்து வந்தது; வேதவசனத்தின் வால் மடத்து நூலகத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் கட்டிப் புரள்கின்றன. நாட்டார் சிரிப்பு என்று நாம் இங்கே கேட்பது, கிரேக்கமும் இலத்தீனும் கரைத்துக் குடித்த ஒருவரின் தொண்டை வழியாக வந்த சிரிப்பு. சந்தையில் நின்று சிரித்தவர்களுள் பெரும்பாலோர் எதையும் எழுதிவைக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள்காட்டி இருந்தது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் திருநீற்றுப் புதன் தெரியும், தவக்காலம் தெரியும்; சீர்திருத்தச் சபையினர் அதை லெந்து நாட்கள் என்பார்கள். அதற்கு முந்தைய நாட்களின் கூத்து மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை. நாற்பது நாட்கள் இறைச்சியைத் துறக்கவிருந்த ஊர், அதற்கு முன் கையிலிருந்ததை எல்லாம் தின்று தீர்த்தது. கார்னிவல் என்ற சொல்லே இறைச்சியை விலக்குதல் என்ற பொருளுடைய இலத்தீன் வழக்கிலிருந்து வந்தது என்பர். 'கார்காந்துவா' நூலில் (பாந்தகுருவேலின் தந்தை கதை, ஆனால் இரண்டாவதாக எழுதப்பட்டது) உப்புக்கண்டம் போட 3,67,014 மாடுகள் அறுக்கப்படுகின்றன. இறைச்சியை உப்பிட்டு வைக்கலாம்; குடல் நிற்காது, அழுகிவிடும். ஆகவே பிப்ரவரி 3ஆம் நாள் ஊரையே அழைத்துக் குடல்கறி விருந்து நடக்கிறது. குடலைத் தின்பவன் அதனுள்ளே இருந்ததையும் தின்ன ஆசைப்படுபவன் என்று கணவன் எச்சரித்தும் கேளாமல் அளவின்றித் தின்ற நிறைமாதக் கர்ப்பிணி கார்கமெல், அன்றே தன் இடது காது வழியாகப் பிள்ளை பெறுகிறாள். பிறந்த குழந்தை அழவில்லை, "குடிக்க! குடிக்க!" என்று கத்துகிறது. கட்டற்ற கற்பனை என்று தோன்றும் இந்தக் காட்சியின் அடியில் குடல் கெட்டுப்போகும் என்ற வெகு சாதாரணமான சமையலறை உண்மை இருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

இதையெல்லாம் நான் பார்க்கக் கற்றது மிகயீல் பக்தினிடம். 1928 இறுதியில் கைதாகி, கஜகஸ்தானின் குஸ்தானாய் நகருக்கு நாடுகடத்தப்பட்டு, 1938இல் எலும்பு நோயால் ஒரு காலை இழந்த அந்த ரஷ்ய அறிஞர், ரபேலேயைப் பற்றிய ஆய்வேட்டை 1940இல் எழுதி முடித்தார். போர் குறுக்கிட்டதால் 1946இல்தான் அது மாஸ்கோவில் விவாதத்துக்கு வந்தது. பல மணி நேரச் சண்டைக்கும் சில ஆண்டுக் காத்திருப்புக்கும் பின் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டு, அதற்குக் கீழான பட்டம் மட்டும் வழங்கப்பட்டது. நூலாக வெளிவர 1965 ஆயிற்று. கார்னிவலில் மேடையும் இல்லை, பார்வையாளரும் இல்லை, எல்லோரும் அதற்குள் வாழ்கிறார்கள். அங்கே அரசனாக்கப்படுபவன் அடித்து இறக்கப்படுவான், அந்த அடி அழிவும் மறுபிறப்புமாக ஒருசேர விழுகிறது என்று அவர் எழுதினார். அனார்க் காதைத் திருகப்படுவது தண்டனை மட்டுமன்று, புது மனிதனாகப் பிறக்கும் சடங்கு. சிரிக்க அஞ்சிய ஒரு நாட்டில், ஒற்றைக் காலோடு உட்கார்ந்து, சந்தைக்கூட்டத்தின் அச்சமற்ற சிரிப்பைப் பற்றி ஒருவர் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறார் என்ற நினைப்பே என்னை நெடுங்காலம் அந்நூலின் பக்தனாக வைத்திருந்தது.

தமிழில் முடி என்றால் கிரீடமும்தான், தலைமயிரும்தான். முடி சூட்டுவதும் உண்டு, நேர்ந்துகொண்டு முடி இறக்குவதும் உண்டு. இறக்கியபின் தலை லேசாவதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பக்தின் சொல்லும் முடியிறக்கத்தை நான் அப்படித்தான் மகிழ்ச்சியோடு புரிந்துகொண்டிருந்தேன், ரோமான் நகரத்தின் கதையைப் படிக்கும் வரை.

ரோமான் என்பது பிரான்சின் தென்கிழக்கே, அன்றைய தோஃபினே மாகாணத்தில் இருந்த சிறு நெசவு நகரம். மதப்போர்களால் நொந்திருந்த அந்த மாகாணத்தில் வரிச்சுமை குடியானவர்கள் மீதும் கைவினைஞர்கள் மீதும் விழுந்தது. பிரபுக்களுக்கு விலக்கு இருந்தது. 1579இல் கலகம் மூண்டது. ரோமானில் அதன் தலைவனாக எழுந்தவன் போமியே என்று அழைக்கப்பட்ட ழான் செர்வ், துணித்தொழில் செய்தவன், குறிபார்த்துச் சுடும் போட்டியில் வென்று 'அரசன்' பட்டம் பெற்றவன். 1580 பிப்ரவரியில் கார்னிவல் வந்தபோது, வழக்கப்படி ஊரின் பிரிவுகள் தத்தமக்கு விளையாட்டு ராஜ்யங்களை அமைத்துக்கொண்டன. கைவினைஞர் பக்கம் ஆட்டின் பெயரில் ஒரு ராஜ்யம், மேட்டுக்குடியினர் பக்கம் கௌதாரியின் பெயரில் ஒரு ராஜ்யம். கௌதாரிக்காரர்கள் வேடிக்கைக்காக ஒரு விலைப்பட்டியல் அறிவித்தார்கள்: அருமையான பறவை இறைச்சி அடிமாட்டு விலை, வைக்கோலும் அழுகிய மீனும் யானை விலை. தலைகீழ் உலகம், புத்தகத்தில் உள்ளபடியே. எளியவர்களோ தெருவில் வாளும் துடைப்பமும் ஏந்தி ஆடினார்கள். கிறித்தவர்களின் இறைச்சி மலிவாக விற்கப்போகிறது என்று கூவினார்கள். அது விளையாட்டா மிரட்டலா என்று பணக்காரர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள், அல்லது கேட்டுக்கொண்டதாகப் பின்னர் சொன்னார்கள். பிப்ரவரி 15ஆம் நாள் இரவு, முகமூடி நடனம் நடந்துகொண்டிருந்தபோதே, நீதிபதி அந்துவான் கெரானின் ஆட்கள் தாக்கினார்கள். போமியே கொல்லப்பட்டான். அவன் கூட்டத்தார் வேட்டையாடப்பட்டார்கள். எஞ்சியவர்களுள் சிலருக்குப் பின்னர் சட்டப்படித் தூக்கு.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த நிகழ்ச்சியை நமக்கு விரிவாகச் சொல்லும் முதன்மை ஆவணம் கெரான் எழுதியது, அல்லது அவர் சார்பில் எழுதப்பட்டது என்று கருதப்படுகிறது. எதிர்த்தரப்பின் நகைச்சுவையை நாம் அறிவதே அவர்களைக் கொன்றவர் அதைக் குற்றப்பத்திரிகையாக எழுதிவைத்ததால்தான். 1444இல் பாரிஸ் இறையியல் புலத்தார் கீழ்நிலைக் குருமார் திருச்சடங்குகளைக் கேலி செய்து ஆடிய மூடர் திருவிழாவைக் கண்டித்து எழுதிய மடலில், அவ்விழாவை ஆதரித்தவர்களின் வாதமும் பதிவாகியிருக்கிறது: மதுப் பீப்பாயை அவ்வப்போது திறந்து காற்று விடாவிட்டால் வெடித்துவிடும் என்று அவர்கள் சொன்னார்களாம். கார்னிவல் என்பது ஆள்பவர்கள் அனுமதித்த காற்றுத்துளை மட்டுமே என்போர் இன்றும் இந்த மடலைத்தான் நீட்டுகிறார்கள். ரோமானில் நடந்தது அந்த வாதத்துக்கும் அடங்கவில்லை, பக்தினுக்கும் அடங்கவில்லை. அங்கே பீப்பாய் வெடிக்கவில்லை. அதைத் திறந்துவைத்தவர்களே குடித்தவர்களை வெட்டினார்கள்.

பக்தின் இந்த இருட்டை அறியாதவரா என்பது கடினமான கேள்வி. அவருடைய நூலிலேயே பதினாறாம் நூற்றாண்டு ரஷ்யாவை ஆண்ட கொடுங்கோலன் இவான் அரசனைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. பழைய பிரபுத்துவ மரபுகளை உடைத்த இவான், சந்தைக் கேளிக்கையின் வடிவங்களைப் பயன்படுத்தாமல் இருக்க முடியவில்லை என்கிறார். 1568இல் தனக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டிய ஒரு மூத்த பிரபுவுக்கு இவான் அரச உடை உடுத்தி, அரியணையில் அமர்த்தி, முன்னால் வணங்கி, பிறகு கத்தியால் குத்தினான் என்று சமகாலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். முடி சூட்டி இறக்கும் அதே சடங்கு. அடிப்பவன் மட்டும் மாறிவிட்டான். பக்தினின் அன்பர்களுள் ஒருவரான அறிஞர் அவெரின்சேவ் பிற்காலத்தில் இவானைச் சுட்டிக்காட்டி, வன்முறையும் சிரிக்கும் என்று மெல்லக் கண்டித்தார். அந்தக் கண்டிப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் 1940இல் ஸ்டாலினின் நாட்டில் இவானைப் பற்றி எழுதும்போது ஒருவரின் கை எந்த அளவுக்குத் தன்னுடையதாக இருந்திருக்கும் என்பதையும் மறக்க முடியவில்லை.

இதற்குப் பிறகு நான் அந்தக் காலத்து நூல்களில் ஒன்றை மட்டும் தேடலானேன்: முடியை யார் இறக்குகிறார்கள்? வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ள, பிளெமிய ஓவியர் புரூகலின் 1559ஆம் ஆண்டு ஓவியத்தில் கார்னிவலும் தவக்காலமும் மோதுகின்றன. பீப்பாய் மேல் அமர்ந்த பருத்தவன் தலையில் ஒரு கறிப்பணியாரம், எதிரே வற்றிய உருவத்தின் தலையில் ஒரு தேன்கூடு. இருவருக்கும் முடி உண்டு, இரண்டும் பொய். சுற்றிலும் இருக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்தச் சண்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓவியன் எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஷேக்ஸ்பியரில் தெளிவாகத் தெரிகிறது. 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் ஈஸ்ட்சீப் மதுக்கடையில் பருத்த கிழவன் ஃபால்ஸ்டாஃப் மெத்தைத் திண்டைத் தலையில் வைத்து முடியாக்கி, கட்டாரியைச் செங்கோலாக்கி, அரசனாக நடிக்கிறான். இளவரசன் ஹால், உன் முடி பரிதாபமான வழுக்கை முடி என்று கேலி செய்கிறான். ஆங்கிலத்திலும் கிரீடத்துக்கும் உச்சந்தலைக்கும் ஒரே சொல் என்பதால் அந்தச் சிலேடை தமிழில் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. பிறகு இடம் மாறுகிறார்கள். இளவரசன் அரசனாகி அமர, ஃபால்ஸ்டாஃப் இளவரசனாக நடித்து, ஜாக் என்ற தனக்காகவே வாதாடுகிறான்: எல்லோரையும் விரட்டு, குண்டன் ஜாக்கை மட்டும் விரட்டிவிடாதே, அவனை விரட்டினால் உலகத்தையே விரட்டியதாகும். விரட்டுகிறேன், விரட்டுவேன் என்று பதில் வருகிறது. விளையாட்டுக்குள் சொன்ன நிகழ்காலமும் விளையாட்டுக்கு வெளியே காத்திருக்கும் எதிர்காலமும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. இரண்டாம் பாகத்தின் முடிவில் மெய்யாகவே முடிசூடிய ஹால், இரவெல்லாம் குதிரையேறி ஓடிவந்த கிழவனைத் தெருவில் வைத்து, உன்னை எனக்குத் தெரியாது என்கிறான். பத்து மைல் தொலைவுக்குள் வரக்கூடாது. அரசன் நகர்ந்ததும் ஃபால்ஸ்டாஃப் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லும் முதல் சொற்கள்: "உங்களுக்கு ஆயிரம் பவுண்டு பாக்கி வைத்திருக்கிறேன்." ரபேலேயில் மெய்யான அரசன் சந்தைக்கு இறங்கினான். இங்கே சந்தையின் அரசனை மெய்யான அரசன் இறக்குகிறான். இரண்டுக்கும் இடையில் எழுபது ஆண்டுகள்கூட இல்லை.

செர்வாந்தெசின் 'தோன் கிஹோத்தே' நாவலில் நாயகனின் பணியாளான சாஞ்சோ பான்சா, பெயரிலேயே வயிற்றைச் சுமப்பவன். 1605இல் வெளிவந்த முதல் பாகத்தில் விடுதி ஒன்றில் சிலர் அவனைப் போர்வையில் போட்டு வானத்துக்கு எறிந்து விளையாடுகிறார்கள். கார்னிவலில் நாயை எறிவதைப் போல என்று ஆசிரியரே உவமை சொல்கிறார். அந்த நாயை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எல்லோரும் பங்கேற்கும் விழாவில் அதுவும் பங்கேற்றதுதான். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், பொழுதுபோகாத ஒரு பிரபுவும் அவர் மனைவியும் சாஞ்சோவைப் பரத்தாரியா என்ற 'தீவுக்கு' ஆளுநராக்கிக் கேலி செய்கிறார்கள். அவனோ ஊன்றுகோலுக்குள் ஒளித்த பொற்காசுகளைக் கண்டுபிடித்து நல்ல தீர்ப்பு வழங்கிவிடுகிறான். சாப்பாட்டு மேசையில் மட்டும் மருத்துவர் ஒருவர் கோலை நீட்ட, தட்டுகள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன. தின்பதற்கென்றே பிறந்தவனின் ராஜ்யத்தில் நாள்தோறும் தவக்காலம். கடைசியில் பகைவர் புகுந்ததாக நாடகமாடி, இரண்டு கேடயங்களுக்கு நடுவே அவனைக் கட்டிப்போட்டு மிதிக்கிறார்கள். எழுந்ததும் அவன் யாரையும் ஏசவில்லை. தொழுவத்துக்குப் போய்த் தன் கழுதையை அணைத்து நெற்றியில் முத்தமிட்டு, சேணம் பூட்டி, கழுதைக்குக் கொஞ்சம் வாற்கோதுமையும் தனக்கு அரைப் பாலாடைக்கட்டியும் அரை ரொட்டியும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். சூட்டியவர்கள் இறக்குவதற்கு முன் தானே இறக்கி வைத்தவன் என்று நான் தேடிய நூல்களில் இவன் ஒருவன்தான் எனக்குக் கிடைத்தான்.

வழியில் அந்நியத் தேசத்து யாத்திரிகர்கள் பாட்டுப் பாடிப் பிச்சை கேட்கிறார்கள். சாஞ்சோ அந்த அரை ரொட்டியையும் அரைப் பாலாடைக்கட்டியையும் எடுத்து அவர்களிடம் கொடுத்துவிடுகிறான். அவர்களுள் ஒருவன் அவனைக் கட்டிப்பிடித்து, என்னைத் தெரியவில்லையா, உன் ஊர்க் கடைக்காரன் ரிகோத்தே என்கிறான். 1609இலிருந்து ஸ்பெயினின் மொரிஸ்கோக்கள், கிறித்தவராக மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள், கூட்டங்கூட்டமாக நாடுகடத்தப்பட்டார்கள். ரிகோத்தே அவர்களில் ஒருவன்; பிடிபட்டால் உயிர் போகும் என்பதால் ஜெர்மானிய யாத்திரிகன் வேடத்தில் சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் சாலையை விட்டு விலகி, மரநிழலில், புல்லையே விரிப்பாக்கிக் கொட்டைகளையும் ஒலிவக்காய்களையும் பன்றித்தொடை எலும்புகளையும் பரப்புகிறார்கள். ஆளுக்கொரு தோல்பையில் மது இருக்கிறது. சாஞ்சோ ரிகோத்தேயின் பையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். பின்பு அனைவரும் ஒரே நேரத்தில் பையை வாயில் வைத்து, வானத்தைக் குறிபார்ப்பவர்களைப் போலக் கண்களை மேலே நிறுத்தி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, வெகுநேரம் குடிக்கிறார்கள்.